டெல்மர் செய்யச் சொன்ன ரிவால்வர்

காபி ஆறிக்கொண்டிருக்கும். டெல்மர் ரஸ்டாட் சமையலறை மேசைமுன் உட்கார்ந்து, வலது கையை ஜன்னல் பக்கம் நீட்டி, கையில் இல்லாத ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். அந்தக் கட்டைவிரல் பாதிதான் இருக்கிறது. மேல்கணு போய்விட்டது. மிச்சமிருக்கும் குட்டை விரல் காற்றில் எட்டி எட்டித் தவிக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றபடி, "குழல் அஞ்சரை அங்குலம் வேணாம் மார்லிஸ், நாலே முக்கால் போதும்" என்பார். முந்தின நாள்தான் அஞ்சரைக்குக் குறைந்தால் ஆகாது என்று அடம் பிடித்திருப்பார். மனைவி மார்லிஸ் அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இத அந்த வெர்ன்கிட்ட சொல்லு, நான் என்ன கொல்லனா?" என்று கேட்பார்.

வெர்ன் டகெட் மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் துப்பாக்கி செய்யும் கொல்லர். நாம் கொடுக்கும் ரிவால்வரைப் பிரித்து, குழல், சுத்தி, விசை, கைப்பிடி எல்லாவற்றையும் நம் கைக்குத் தக்கபடி புதிதாகச் செய்து தருவார். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். டெல்மர் பொறுமையாகக் காத்திருக்கும் ஆள் கிடையாது. வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, கைப்பிடி எலும்பா வால்நட் கட்டையா, மேல்பூச்சு நீலமா வெறும் எஃகா என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்ன மனுஷர், தன் கட்டைவிரல் பாதி என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வெர்ன், 'போய் வேறு ரகம் வாங்கிக்கொள்' என்று போனை வைத்துவிடுவாரோ என்று பயம்.

பயத்தில் நியாயம் உண்டு. டெல்மருக்கு வேண்டியது பழைய மாதிரி ரிவால்வர். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தியாக வேண்டும். விசைக்கு அந்தச் சுத்தியை விழ வைப்பது ஒன்றுதான் வேலை. விசையை அழுத்தினாலே எல்லாம் தானாக நடந்துவிடும் ரகம் எங்கள் ஊர்க் கடையிலேயே கண்ணாடிக்குள் வரிசையாகக் கிடக்கிறது. அதைச் சொன்னால், "அது போலீஸ்காரன் துப்பாக்கி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிடிவாதம்தான், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விரல் போன கதை எங்கள் பள்ளத்தாக்கில் புதிது ஒன்றுமில்லை. கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில், சுருக்குக் கயிற்றை மாட்டின்மேல் வீசியதும் மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் மளமளவென்று சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்வோம். டெல்மர் அன்று யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டே சுற்றினார். கயிறு இறுகியபோது விரல் அதற்கும் கொம்புக்கும் நடுவில் இருந்தது. போனியின் காபிக் கடைக்கு வரும் லாயிட் இன்றைக்கும் கேலியை விடுவதில்லை. "டேய் டெல்மர், மேய்ச்சல் சங்கத்துல கைதூக்கி ஓட்டுப் போட்டா உன்னோடத முக்கால் ஓட்டாத்தான் எண்ணணும்டா!" டெல்மரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஊர்க்காரர்களிடம் அவருக்கு வெட்கம் கிடையாது. வெளியூர்க்காரர் முன்னால்தான் வலது கையில் தோல் கையுறை ஏறும். அதன் கட்டைவிரல் நுனியில் ஆட்டுக் கம்பளி திணித்திருக்கும்.

மேய்ச்சல் சங்கத்து மாடுகளோடு கோடை முழுவதும் மலையில் தங்குவது டெல்மரின் வேலை. போன இலையுதிர் காலத்தில், மாடுகளை இறக்கிக்கொண்டு வரும்போது, ஓடை வளைவில் கிரிஸ்லி கரடி ஒன்று எழுந்து நின்றது. டெல்மர் பழைய ரிவால்வரை உருவினார். குட்டை விரல் சுத்திமேல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. கரடி பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டது. இதை அவர் மார்லிஸிடம் மட்டும்தான் சொன்னார். அன்றிலிருந்து மார்லிஸுக்குத் தூக்கம் போயிற்று, டெல்மருக்கு மாத்திரை ஏறிற்று.

"ஒழுங்கா ஒத்தைக் கையால சுட முடியும்னு என் கண்ணு முன்னால காட்டு, மலைக்குப் போ. இல்லன்னா சங்கத்துல நானே போய்ச் சொல்லிடுவேன்" என்று மார்லிஸ் சொல்லிவிட்டார்.

"மலைக்குப் போகாம இங்க உக்காந்து என்ன பண்றது? உன்னோட சேர்ந்து டிவி பாக்கவா?"

"பாரேன். செத்தா போயிடுவே?"

இடது கையால் சுடலாமே என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். இடது கை கடிவாளத்துக்குச் சொந்தம். கரடியைக் கண்ட குதிரையின் கடிவாளத்தை விட்டவன் அடுத்த நொடி தரையில் கிடப்பான். இது பிடிவாதம் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

பனி உருகும் நேரத்தில் முறை வந்தது. "துப்பாக்கியக் கொண்டா. கையையும் கொண்டா, அளவெடுக்கணும்" என்றார் வெர்ன். கணவாய் ஏறி இறங்கும் வரை டெல்மர் வண்டியை ஓட்டிக்கொண்டே கையுறையின் நுனியை அமுக்கி அமுக்கிச் சரி செய்துகொண்டிருந்தார். "அங்க நீ வாயத் திறக்காத" என்று மார்லிஸிடம் பல தடவை சொன்னார். மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெர்னின் பட்டறை நடுவில் மரக்குதிரை ஒன்று நின்றது. அதன்மேல் சேணம், தூணில் கட்டிய கடிவாளம். "குதிரைக்காரன் கைய நின்னபடி அளந்தா பொய் அளவுதான் வரும். ஏறுப்பா" என்றார் வெர்ன். டெல்மர் ஏறி, இடது கையில் கடிவாளம் பிடித்தார். வெர்ன் மெழுகு பூசிய மரப்பிடி ஒன்றை வலது கையில் கொடுத்து, "கையுறையக் கழட்டிட்டு அமுக்கிப் பிடி" என்றார்.

"மலையில கையுறையோடதான் இருப்பேன்."

டெல்மர் கையுறையோடே அமுக்கிப் பிடித்துக் கொடுத்தார். வெர்ன் மெழுகைப் பார்த்தார். நாலு விரலும் பதிந்திருந்தன, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. கையுறையின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார். அது தட்டையாக மடங்கியது.

"உள்ள என்ன?"

"கம்பளி" என்றார் மார்லிஸ், வாயைத் திறக்காதே என்று சொல்லப்பட்டவர்.

டெல்மர் சிவந்துபோய்க் கையுறையைக் கழற்றினார். வெர்ன் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. குட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு? சுத்தியத் தாழ்வா வச்சு, அதோட கொக்கிய அகலமா வளைச்சுத் தர்றேன். எட்டும்." டெல்மருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்," என்றார் வெர்ன். "சுத்திய இழுத்து நிறுத்திட்டே. கரடி ஓடிப்போச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"சுத்தி பின்னால நிக்குது, உள்ள தோட்டா. கீழ குதிரை துள்ளுது. அத யாரு இறக்கி வைக்கறது?"

"வானத்தப் பாத்துச் சுட்டுட்டுப் போறேன்."

"மாட்டுக் கூட்டம் பக்கத்துல நிக்கறப்பவா?"

சுத்தியை இறக்குவதற்கு, கட்டைவிரலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி, மெதுவாக முன்னால் விட வேண்டும். நழுவினால் குண்டு குதிரையின் கழுத்தில் பாயும், இல்லை தன் முழங்காலில். டெல்மர் இத்தனை மாதம் போட்ட கணக்கில் கரடி ஒவ்வொரு தடவையும் மேலே பாய்ந்து வந்தது. ஓடிப்போன கரடியைப் பற்றி அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. உண்மையில் வந்த ஒரே கரடி ஓடிப்போன கரடிதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வேறொருவருக்காகச் செய்து வைத்திருந்த, தாழ்ந்த சுத்தி வைத்த ரிவால்வர் ஒன்றை வெர்ன் எடுத்தார். உருளையைச் சுழற்றி, தோட்டா இல்லை என்று இருவருக்கும் காட்டினார். "கடிவாளத்த விடாம இழு, இறக்கு. பாத்துட்டுச் சொல்றேன்."

டெல்மர் இழுத்தார். கொக்கி குட்டை விரலில் வாகாக உட்கார்ந்து, சுத்தி 'கிளிக்' என்று நின்றது. கரடியைக் கண்ட நாளுக்குப் பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. விசையை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறக்கினார். நழுவவில்லை. மறுபடி இழுத்து மறுபடி இறக்கினார். அதுவும் நழுவவில்லை.

"ம், முடியுது போல" என்றார் வெர்ன்.

"பாத்தியா மார்லிஸ்? பாத்தியா?" டெல்மர் மூன்றாம் தடவை இழுத்து நிறுத்தினார்.

மார்லிஸ் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். சுத்தியின் முகத்தில் தோட்டாவைக் குத்துகிற முள் இருக்கிறது. அந்த முள்ளுக்கும் துப்பாக்கியின் முதுகுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்தார்.

"இப்ப இறக்கு."

"விரல எடு."

"ஏன்? முடியுதுன்னியே."

"மார்லிஸ், எடுன்னா எடு. பைத்தியமா உனக்கு?"

"மலையில நீ இறக்குவே, நான் வீட்டுல உக்காந்து சத்தம் கேக்குதான்னு காதக் கூராக்கிட்டிருப்பேன். இங்கயாவது நானும் கூட இருக்கேன். இறக்கு."

டெல்மரின் குட்டை விரல் கொக்கிமேல் வெளுத்துப்போய் நின்றது. விசைமேல் இருந்த விரல் அழுத்தப் போவதுபோல் அசைந்தது, அசைந்து நின்றது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. மார்லிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்மர் விடவே கூடாத கடிவாளத்தை மரக்குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு, இடது கையைக் கொண்டுவந்து சுத்தியைப் பிடித்தார்.