பொன்னாயிக்கு வராத காமாலை

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான் வக்கீல் அறிவரசன் பேனாவைத் திறப்பார். கட்சிக்காரர்கள் மேசையைச் சுற்றிப் போய், சுவரோரம் நின்றுதான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "துடுப்புப் போடுறவன் போற பக்கம் பாக்க மாட்டான்ங்க. வுட்டுட்டு வந்த பக்கம்தான் பாப்பான். அந்தப் பழக்கம்" என்பார்.

பட்டாளத்தில் படகு பழகி, தேசியப் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியவர். பென்ஷனோடு வந்து சட்டம் படித்தார். சொந்த ஊர் பூலாம்பாடி. "குளிக்கவே லாரித் தண்ணி, இவரு படகு வுட்டாராம்ல!" என்று ஜெயங்கொண்டத்து டீக்கடையில் சக வக்கீல்கள் சீண்டுவார்கள். சிரித்துக்கொண்டே காய்ப்பு மாறாத உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார்.

அவர் அறையை ஒட்டிய கடையில் நான் டைப் அடித்து ஜெராக்ஸ் போடுகிறேன். எதிர்ச்சுவரில் இருக்கும் படத்துக்குக் கண்ணாடி போட்டு வந்ததும் நான்தான். ஒரு பள்ளியின் பாராட்டு விழா. அவர் கழுத்து கொள்ளாத மாலை.

அந்த விழா நடந்த நேரத்தில்தான் கோர்ட்டில் அவருடைய கட்சிக்காரி பொன்னாயியின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். முந்திரிக் காட்டுக்குள் கொழுந்தன் வேலியைத் தள்ளிப் போட்ட வழக்கு. "நீங்க வரவேணாம்மா, நான் இருக்கேன்ல" என்று சொன்னவர் அவர்தான். வழக்கு தள்ளுபடி ஆனது.

திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். வராத காரணத்தைக் கட்சிக்காரர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். யார் வராவிட்டாலும் இங்கே காரணம் மஞ்சள்காமாலைதான். என் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினேன்.

நேற்று பொன்னாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு எப்ப சார் காமாலை வந்துச்சு?"

"அது... அப்புடித்தாம்மா எழுதுறது" என்றார் அறிவரசன்.

"வந்துச்சுன்னே வச்சுக்குங்க. நீங்க சொன்னாச் சரி." தலைக்கு மேலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பேப்பர்லயும் போட்டிருந்தாங்க. எங்க வக்கீலுன்னு தெருவெல்லாம் காட்டுனேன். என்னைக்கு சார் இது?"

படத்தின் அடியில் தேதி இருந்தது. மனுவிலும் அதே தேதி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும், குனிந்துகொண்டேன்.

அவள் ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அழுத்தி நீட்டினாள். அவர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கோர்ட்டுல ஒங்களக் கூப்பிட்ட அன்னைக்குத்தாம்மா. சத்தியம் நான்தான் பண்ணணும்."

அவள் விரல் நீட்டியபடியே இருந்தது. அறிவரசன் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையை அவிழ்த்தார். அந்த விரலைப் பிடித்து, ரேகைக்குள் போன மையைத் துடைக்க ஆரம்பித்தார்.