கண்ணாடி போடாத நாகாதி

நாகலட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கொல்கத்தாவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், மூளை ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருஷமாக டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். வங்காளி வழக்கப்படி எல்லாருக்கும் அவள் நாகாதி, அதாவது நாகா அக்கா. டாக்டர் சீதாராமன் கையை நீட்டினால் போதும், வாயைத் திறப்பதற்குள் வேண்டியது கைக்கு வந்துவிடும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

அதனால்தான் மறைத்தாள். இரண்டு வருஷமாகக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு மங்கல். கண்ணாடி போட்ட இன்னொரு தியேட்டர் நர்ஸ் மகேஸ்வரியை மறுமாதமே வார்டுக்குத் தூக்கியடித்தார்கள். நாகலட்சுமி வாங்கிய கண்ணாடி லாக்கரிலேயே கிடந்தது. கருவிகளைக் கைப்பழக்கத்தில் சமாளித்தாள். முடியைவிட மெல்லிய நூலும் அதன் பொடி ஊசியும் மட்டும் கைக்கு அடங்காது. ஆனால் ரத்தக் குழாய் கிழிந்தால்தான் அது வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அந்த ஒருமுறை எப்போது வருமோ என்ற பயத்தோடுதான் தினமும் தியேட்டருக்குள் போனாள்.

நியூ டவுனில் ஐடி வேலை பார்க்கும் ஸ்னேகாவின் மூளையில், இடப்பக்கம் கட்டி. பெரிய ரத்தக் குழாய் ஒன்றைச் சுற்றி வளைத்திருந்தது. லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் அவள் அப்பா வெங்கடநாராயணன், தியேட்டரில் ஒரு தமிழ் நர்ஸ் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்து பேசிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் தொடங்கிய நான்காவது மணி நேரத்தில் டாக்டர் பேச்சை நிறுத்தினார். அவர் திட்டினால் பயமில்லை. பேசாமலிருந்தால்தான் விபரீதம். மைக்ராஸ்கோப் திரையில் சிவப்பு பொங்கியது. கட்டியை உரிக்கும்போது குழாய் கிழிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார். மயக்க மருந்து டாக்டர் நிமிஷங்களைச் சொல்ல ஆரம்பித்தார். கிளிப்பை எடுக்கும்வரை அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகாது. சீக்கிரம் தைத்தாக வேண்டும்.

நாகலட்சுமி ஊசியை இடுக்கியில் பிடித்துக் கொடுத்தாள்.

"ஊசி எங்கம்மா?" என்றார் டாக்டர்.

இடுக்கி காலியாக இருந்தது. விழுந்த ஊசி பச்சைத் துணியில் எங்கோ மறைந்துவிட்டது. வேறு பாக்கெட் பிரித்தாள். அதுவும் பிடிபடவில்லை. மானத்தை விட மனசு வராமல் மறுபடி முயன்றாள். ஏழு நிமிஷம் என்று குரல் கேட்டது.

"எனக்குக் கண்ணு தெரியல சார்," என்றாள்.

பக்கத்திலிருந்த இளம் டாக்டர் சைதன்யா இடுக்கியை வாங்கி ஊசியைப் பிடித்துக் கொடுத்தாள். எட்டுத் தையல். கிளிப்பை எடுத்ததும் குழாய் மறுபடி துடித்தது. மொத்தம் பதினெட்டு நிமிஷம். அதில் நான்கு நாகலட்சுமியுடையது.

மறுநாள் காலையில் ஸ்னேகா கண் விழித்தாள். வலது கை அசையவில்லை. பேச வாயெடுத்தால் வெறும் சத்தம்தான் வந்தது. கட்டி இருந்த இடம் அப்படி, நான்கு நிமிஷத்தால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் சீதாராமன். கூடவே, நாளையிலிருந்து தியேட்டருக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

ஐசியு வாசலில் வெங்கடநாராயணன் நாகலட்சுமியைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். "உள்ள நீங்க இருந்தேள். அதான் என் பொண்ணு பொழைச்சா."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே நடந்ததை அவரிடம் சொல்ல அவளைத் தவிர ஆளில்லை.

"என்னைக் கும்பிடாதீங்க சார். எனக்குக் கண்ணு மங்கல். அதை மறைச்சுட்டுதான் உள்ள நின்னேன். ஊசியை எடுக்க முடியாம நாலு நிமிஷம் என்னால போச்சு."

அவருக்கு முதலில் புரியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக மகளைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்து கீழே இறங்கின.