அம்மா அழுத சாவு வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சாந்தோம் பக்கத்துச் சின்ன மாதா கோயில் ஒன்றில் அப்பா உபதேசியார். சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். ஆறுதல் சொல்ல அல்ல, ஒப்பாரி வைக்காதீர்கள் என்று சொல்ல. மாரடித்து அழுவது அஞ்ஞானிகள் வழக்கம், மோட்சத்தை நம்புகிறவர்கள் செபமாலைதான் சொல்ல வேண்டும் என்பது வெள்ளைக்காரச் சாமியாரின் சட்டம். அந்தச் சாமியார் தயவில்தான் கன்னியாஸ்திரீகளிடம் நான் எழுத்துக் கற்றேன். அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியுமா என்ன?

அம்மா மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அவள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். கல்யாணத்தோடு அதை விட்டுவிட்டாள்.

தம்பி காய்ச்சலில் போனான். அப்போதுதான் நடை பழகியிருந்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டு அம்மா வாயைத் திறந்தாள்.

"சாமி வந்துக்கினு கீறாரு. வேணாம்மே, என் மானத்த வாங்காதே" என்று அப்பா கெஞ்சினார். திறந்த வாயை அம்மா மூடிக்கொண்டாள்.

பிறகு அது சோற்றுக்கும் திறக்கவில்லை. சாமியார் மருந்து அனுப்பினார், கன்னியாஸ்திரீகள் பால் கொண்டுவந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். கோயிலுக்கு ஓடி, மாதாவின் காலைப் பிடித்துக் கதறினேன். சத்தம் போடாதே என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் பட்டினப்பாக்கத்து அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு நேரே உள்ளே போனாள். அவள் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவள் இல்லை.

"எங்க தெருவுல ஒரு சாவு கீது. எழுந்து வாமே, உன் புள்ளைக்கு அங்க அழு. எவன் கேக்குறான்னு பாக்குறேன்!"

சாவு வீட்டில் அவரவர் தம் வீட்டுச் சாவைச் சொல்லி அழுவது பெண்கள் வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்கி அம்மாவை நடத்திக்கொண்டு போனோம். முன்பின் தெரியாத ஒரு கிழவரின் பிணத்தைச் சுற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். கொஞ்சம் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார்கள்.

"புயல்ல போன கட்டுமரமெல்லாம் கரைக்கு வந்துச்சே, என் ராசா, நீ எந்தக் கரைக்குப் போனே?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

யாரோ சொல்லி அப்பா ஓடிவந்தார். அம்மாவை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று வாசலை மறித்து நின்றேன். அவர் என்னைத் தாண்டவில்லை. உள்ளே தம்பியின் செல்லப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பா மணலில் உட்கார்ந்து, மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். தெருவே அழுத அந்த வாசலிலும் தன் சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்.