பாக்கியரத்தினத்தின் போர்க்கைதி

பாக்கியரத்தினம் யப்பான் தேசத்தோடு தனியாளாக நாற்பத்து நான்கு வருடம் போர் செய்தவள். உலகமெல்லாம் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் கையெழுத்து வைத்துச் சமாதானமானபோது அவளிடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை. அதனால் அவளும் நிறுத்தவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நாற்பத்திரண்டாம் ஆண்டு, வருடப் பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, அவளுடைய தகப்பன் சோமசேகரம் கப்பல்துறை வீட்டிலிருந்து சீனன்குடா விமானத் திடலுக்கு மண்மூட்டை அடுக்கப் போனார். காலை ஏழரை மணிபோல் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. பின்னேரம் அவருடைய பனையோலைச் சோற்றுப்பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது. மூடி திறபடவில்லை. வருடத்துக்கென்று சுட்ட பயற்றம் பணியாரத்தில் ஒன்றைப் பாக்கியம் தாய்க்குத் தெரியாமல் அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள். அது வைத்தபடியே இருந்தது. அவளுக்கு அப்போது பதினொரு வயது.

மூதூர்க் கரையில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. "எங்கட படலைக்குள்ள யப்பான்காரன்ர ஒரு ஆணிகூட வரப்படாது" என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம். மருமகள் குணேஸ்வரி கலியாணத்துக்குக் கொண்டுவந்த றேடியோ வாசல் படலையடியிலிருந்தே திரும்பிப் போனது. எந்தச் சாமான் வந்தாலும் அடுத்த வீட்டு ஆசிரியையான என்னிடம் பாக்கியம் தூக்கிக்கொண்டு வருவாள்.

"ரீச்சர், அடியில என்ன எழுதிக் கிடக்கு?"

நான் வாசித்துச் சொல்ல வேண்டும். நல்ல டோர்ச் ஒன்றை மட்டும், வீணாகப் போகிறதே என்று, "சுவீடன்" என்று வாசித்துவிட்டேன். எட்டு வருடம் பிடித்தாள். எனக்குப் பாவம் சேர்ந்திருந்தால் வெளிச்சமும் சேர்ந்திருக்கும்.

உண்மையான சிக்கல் அவளுடைய மகன் இராசதுரைக்குத்தான். கரையில் எல்லாத் தோணிக்கும் யப்பான் எஞ்சின் வந்துவிட்டது. அவன் மட்டும் கையால் தண்டு வலித்தான். வலித்தான் என்று தாய் நினைத்தாள். அவன் கரை வளையும் இடம்வரைதான் வலிப்பான். அங்கே கூட்டாளி ஜெமீலின் வாடிக் குடிசையில் ஒளித்து வைத்த எஞ்சினைப் பூட்டிக்கொண்டு பறப்பான். திரும்பும்போது கழற்றி வைத்துவிட்டு, முகத்தில் கடல்நீரை வியர்வைபோல் தெளித்துக்கொண்டு வந்து சேருவான்.

பாக்கியம் கரையில் நின்று முழங்குவாள். "எஞ்சின் வைச்சவங்களுக்கு ஒரு கூடை மீன். என்ர மகனுக்கு வெறுங்கையால ரெண்டு கூடை! யப்பான்காரன் வந்து பாக்கட்டும்!"

மகனின் கைப்பலத்துக்கு அவள் முட்டை அவித்த அவிப்பில் எங்கள் தெருக் கோழிகள் அவளைக் கண்டால் வேலிக்கு மேலால் பறந்தன. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் எங்களுக்கென்று ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. தரைப்பாதை மூடிக்கிடந்தது. திருகோணமலைக்குப் போகும் லோஞ்ச் படகு ஓடி ஆறு நாள். அந்த வேளையில்தான் ஒரு விடியற்காலை குணேஸ்வரிக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி நஜ்முன் நிஸா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"பிள்ளை குறுக்கால கிடக்கு. இஞ்ச ஏலாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி ரெண்டு உசிரும் மிஞ்சாது."

இராசதுரை தண்டைத் தூக்கினான். கச்சான் காற்று எதிரே நின்று அடித்தது. வலித்துப் போனால் பொழுதுபட்டுவிடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் தாயின் முன்னால் எஞ்சின் என்று எப்படிச் சொல்வது?

"என்ன முழிக்கிறாய்?" என்றாள் பாக்கியம். "ஓடு. ஜெமீலின்ர வாடியில கிடக்கிற அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு வா."

இராசதுரை தண்டைக் கீழே வைத்தான்.

"அம்மா... உங்களுக்கு..."

"உன்ர சாரத்தைத் தோய்க்கிறது ஆர், யப்பான் ராசாவோ? ஒன்பது வருஷமா மண்ணெண்ணெய் மணக்குது. தண்டு வலிக்கிறவனுக்கு ரெண்டு கையும் காய்க்கும். உனக்கு ஒரு கைதான் காய்ச்சிருக்கு."

நான் மெல்ல ஒதுங்கப் பார்த்தேன்.

"நில்லுங்க ரீச்சர். சுவீடன் டோர்ச்சும் எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு தோணியில ஏறுங்க."

ஏறினேன். இராசதுரை எஞ்சினைப் பிடித்தான். நானும் நஜ்முனும் குணேஸ்வரியை மடியில் தாங்கினோம். பாக்கியம் தன் வெள்ளைச் சேலை ஒன்றைத் தண்டில் சமாதானக் கொடியாகக் கட்டி, தோணியின் முன்பக்க அணியத்தில் நின்று உயர்த்திப் பிடித்தாள். ஒரு கப்பலுக்குப் பாய் விரித்ததுபோல் இருந்தது.

பாதிக் குடாவில் கடற்படைப் படகு ஒன்று வந்து மறித்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டியது. பாக்கியம் ஒரு கையால் மருமகளின் வயிற்றைக் காட்டினாள். மறுகையால் திருகோணமலையைக் காட்டினாள். படகில் நின்றவன் எட்டிப் பார்த்தான். கெதியாகப் போகும்படி கையை வீசினான்.

போகத்தான் எஞ்சின் கிளம்பவில்லை. இராசதுரை கயிற்றை இழுத்தான், இழுத்தான், நூறு தடவை இழுத்திருப்பான். காற்று எங்களை மூதூருக்கே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. குணேஸ்வரியின் முனகலும் குறைந்து வந்தது. நஜ்முன் என் முகத்தைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தள்ளு" என்று பாக்கியம் மகனை விலக்கினாள்.

நாற்பத்து நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு யப்பான் சாமானை, யப்பான் என்று ஒப்புக்கொண்டே தொட்டாள். அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசினாள். கத்தவில்லை.

"உன்னைச் செய்தவங்கள் என்ர அப்பாவைச் சோறு தின்ன விடேல்லை. அவரைத் திருப்பிக் கேட்டு நான் உன்னட்ட வரேல்லை. அவர் வரமாட்டார், எனக்குத் தெரியும். இந்த ரெண்டு உசிரையும் கொண்டுபோய்ச் சேர். இல்லாட்டி இந்தக் கடலுக்கு அடியில கிடந்து நீ துருப்பிடிப்பாய். நான் மேல நிண்டு பாப்பன்."

ஒரே இழுவை. எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. இழுத்து இழுத்தே எண்ணெய் ஏறியிருக்கும் என்று விசயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் அங்கே இருந்தவள். அது பயந்துதான் கிளம்பியது. அன்று தோணி போன வேகத்தில் எங்களுக்குப் பின்னால் பறந்துவந்த கடற்காகங்கள் களைத்துப்போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டன.

பகல் பதினொன்றே முக்காலுக்கு, சத்திர சிகிச்சையில், பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி வாசலில் பாக்கியம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பாத்தீங்களோ ரீச்சர்? யப்பான்காரனைப் பிடிச்சு வேலை வாங்கிப்போட்டன்!"

ஒரு கிழமை கழித்து மூதூருக்குத் திரும்பியபோது எஞ்சின் ஜெமீலின் வாடிக்குப் போகவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றி, ஊர் பார்க்க, தெருவழியே கொண்டுவந்தாள். ஜெமீல் வண்டிக்கு முன்னால் தகரம் தட்டிக்கொண்டு நடந்தான். படலைக்கு வெளியே பூவரசமரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினாள். "போர்க்கைதி" என்றாள். கடலுக்குப் போக மகனிடம் திறப்பைக் கொடுப்பாள். வந்ததும் வாங்கிக்கொள்வாள். நல்ல தண்ணீர் ஊற்றி அவளே கழுவிவிடுவாள். கைதியென்றாலும் உப்பு ஊற விடலாமா?

பேத்திக்கு ஜெயமலர் என்று பெயர். அவளுக்கு மூன்று வயது முடியாத ஒரு வருடப் பிறப்பன்று, பயற்றம் பணியாரம் ஒன்றைக் கொண்டுபோய் எஞ்சினின் தலையில் வைத்துவிட்டாள். குணேஸ்வரி பதறி ஓடினாள். பாக்கியம் அவளைக் கையால் மறித்தாள். அந்தப் பணியாரத்தைப் பார்த்தாள்.

"கிடக்கட்டும் பிள்ளை. கைதிக்கும் வருஷம்தானே."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா ரீச்சர், படலைக்குள்ள வரப்படாது."