மஞ்சள் டேக்

எங்கள் தொழிற்சாலையில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்ப்போம். அடையாள அட்டை தொங்கும் நாடா நீலமாக இருந்தால் நிரந்தரத் தொழிலாளி. பச்சை என்றால் பயிற்சிக்கு வந்தவர். மஞ்சள் என்றால் ஒப்பந்த ஆள். அந்த நாடாவை டேக் என்போம். ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வரும்போதும் யாரும் அதைக் கழற்றுவதில்லை. ஓசூரில் எங்கள் பகுதித் தெருக்களில் சாயங்காலம் நடந்தால் நிறங்கள்தான் நடந்துபோகும். மஞ்சளில் பெரும்பாலும் வடமாநிலப் பையன்கள்.

அந்த வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறதாம், வேலைக்கு வந்தவர்கள்போலத் திரிகிறார்களாம். யார் பேசுகிறார்கள் என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஆறாவது படிக்கும் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு தடவை ஓடவிட்டேன்.

"அவங்கதான்னு எப்படிப்பா கண்டுபிடிக்கறது?"

எனக்குச் சட்டென்று பதில் வந்தது. "மஞ்சள் டேக் போட்டிருப்பான். பின்னாடி வந்தா எதாவது கடைக்குள்ள ஓடிடு. எனக்கு போன் பண்ணு."

நான்கு நாள் கழித்துப் பண்ணினாள். அன்று பொது ஷிப்ட் முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணி டேங்க் பக்கத்து பேக்கரிக்காரரின் எண்ணிலிருந்து அழைப்பு. "அப்பா, மஞ்சள் டேக். நான் ஸ்கூல் வேன்ல இருந்து இறங்கினதுல இருந்து பின்னாடியே வர்றான்." குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

கிளம்புவதற்கு முன் நின்ற இடத்திலேயே குழுவில் தட்டினேன்: "மஞ்சள் டேக் போட்ட ஒருத்தன் என் பொண்ணைத் துரத்துறான். தண்ணி டேங்க் பேக்கரி பக்கம். யாராவது உடனே போங்க." அவசரத்தில் ஒரே செய்தி இரண்டு முறை போனது.

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் முப்பது பேர். நடுவில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். சட்டை தோளோடு கிழிந்திருந்தது, காதிலிருந்து ரத்தம். அவனுடைய டேக்கை எங்கள் மாடி வீட்டுக்காரர் மாட்டுக் கயிறுபோலப் பிடித்திருந்தார்.

"சார், புடிச்சிட்டோம்! இவன்தானே?"

"பேர் கேட்டா முழிக்கறான் பாருங்க."

"கடத்த வந்தவன் பயோடேட்டாவா குடுப்பான்? நாலு போடு, தமிழ் தானா வரும்," என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். இளவயதில், தண்ணீர்த் தகராறு மூண்டிருந்த ஒரு நாள், எல்லைக்கு அப்பால் கன்னடம் பேசும் அத்திப்பள்ளியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நானும் அப்படித்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் தமிழன் என்று தெரிந்துவிடும் என்று நடத்துனரிடம் விரலைக் காட்டியே டிக்கெட் வாங்கினேன். ஆனால் பேக்கரி வாசலில் நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபின்தான் வந்தது.

என்னைக் கண்டதும் அவன் நிமிர்ந்தான். "சார். லைன் மூணு, சார். லைன் மூணு."

லைன் மூன்று என் பொறுப்பில் இருப்பது. அங்கே தயாராகும் பாகங்களைத் தினமும் நான்தான் சோதிக்கிறேன். அங்கே எல்லோருக்கும் தலையில் வலைத்தொப்பி, வாயில் முகக்கவசம். எத்தனை நாள் என் கையில் பாகத்தைக் கொடுத்திருப்பானோ. எனக்கு அவனைத் தெரியவில்லை.

"சொல்லுங்க சார், இவன்தானே?"

தலையாட்டியிருப்பேன். அதைத்தான் இப்போதும் தாங்க முடியவில்லை. என் மகளைத் துரத்தியவன் யாரோ ஒருவன் இருக்க வேண்டும், அவன் பிடிபட்டிருக்க வேண்டும், அப்போதுதான் நான் மூச்சுவிட முடியும் என்றிருந்தது. பேக்கரிக்குள் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற மகளைக் கூப்பிட்டேன்.

"இவனாம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னை. "தெரியலப்பா. நான் முகத்தைப் பாக்கல. டேக்கைத்தான் பாத்தேன்."

கூட்டம் அடங்கவில்லை. "குழந்தை பயத்துல சொல்லுது" என்றார் மாடி வீட்டுக்காரர். அதற்குள் இன்னும் இரண்டு மஞ்சள் டேக்குகள் தெருமுனையில் தென்பட்டன. எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடினார்கள். "பாத்தீங்களா, ஓடறானுங்க!" என்று நாலைந்து பேர் பின்னால் பாய்ந்தார்கள்.

அப்போதுதான் நான் கத்தினேன். "விடுங்க. எங்க கம்பெனி ஆளு. எனக்குத் தெரியும்."

தெரியும் என்றது பொய்தான். ஆனால் மாடி வீட்டுக்காரர் டேக்கை விட்டார், துரத்தப் போனவர்களும் நின்றார்கள். அவன் எழுந்து, கீழே கிடந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனான். அவன் போகும்வரை என் மகள் என் கையைப் பிடிக்கவில்லை.

இரவே குழுவில் "தவறான தகவல், மன்னிக்கவும்" என்று எழுதினேன். "ஜாக்கிரதையா இருக்கறது தப்பில்ல சார்" என்று ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.

மறுநாள் காலை குருபரப்பள்ளியில் இருக்கும் என் மைத்துனர் ஒரு செய்தி அனுப்பினார். என்னுடைய வரிகளேதான், "என் பொண்ணை" என்பது மட்டும் "மூணு பொண்ணுங்களை" என்று மாறியிருந்தது. கீழே, "மாமா, உங்க ஏரியாவாம், பாப்பாவைத் தனியா விடாதீங்க" என்று எழுதியிருந்தார். அது இன்னும் எந்தெந்த ஊர்த் தெருவில் போய்க்கொண்டிருக்கிறதோ.

லைன் மூன்றில் அன்று ஓரிடம் காலியாக இருந்தது. "ஊருக்குக் கிளம்பிட்டான் சார். மத்தியானம் வேற ஆள் வரும்," என்றார் ஒப்பந்தக்காரர். வந்தது. தொப்பி, முகக்கவசம், மஞ்சள் டேக். அவன் நீட்டிய பாகத்தை வாங்கிக்கொண்டு, முகக்கவசத்தை ஒரு நிமிடம் இறக்கச் சொன்னேன். அவன் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினான்.