உரிமையாளர் வந்துவிட்டார்

என் கையெழுத்து படிக்கிறவர்களுக்குச் சிரமம் கொடுக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு டிராக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்த அளவுக்குப் பேனாவைப் பிடித்ததில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். தவறு தென்பட்டால் நீங்களே திருத்திக்கொண்டு மேலே போங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே பையன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. போகும்போது அவனுடைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். ஐடிஐ படித்த காலத்தில் தஞ்சாவூரில் பழசாக வாங்கியது. அதில் லாஞ்சர் என்று ஒன்று உண்டு. விளையாட்டுகளை வாங்குவது, வைத்திருப்பது, திறப்பது எல்லாம் அது வழியாகத்தான். கடையும் பீரோவும் சாவியும் ஒன்றாக இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் அவன் பெயரில் அதற்குள் இருந்தன. அவன் அங்கே ஒரு லேப்டாப் வாங்கி அதே கணக்கில் விளையாடுவான். எனக்கென்று தனியாக ஒரு கணக்குப் போட்டு, அவனுடைய விளையாட்டுகளை நானும் திறக்கும்படி செய்து கொடுத்திருந்தான்.

"சும்மா இருக்கறப்ப விளையாடுங்கப்பா. டிவி பாத்துட்டே தூங்குறீங்க" என்றான். பேருந்து நிலையத்தில் வைத்து அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து வண்டிக்கு வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பிடித்தது விவசாய விளையாட்டு. பகலெல்லாம் டிராக்டர் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலும் டிராக்டர் ஓட்டுகிறான் என்று ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் விளையாடுவேன். அந்த ஊர் ஏதோ வெளிநாடு. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கோதுமை. சேறு கிடையாது. என் மனைவி பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரப்பே காணுமே?"

"அங்கல்லாம் வரப்பு இல்ல போல."

"அப்ப பக்கத்து வயக்காரன்கிட்ட எதுக்குத்தான் சண்ட போடுவாங்க?"

அவளுக்கு வேறொரு விளையாட்டு பிடித்துப்போனது. அழுக்கேறிய கட்டடத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டே. காலையிலிருந்து வாசல், பாத்திரம், மாட்டுக்கொட்டகை எல்லாம் கழுவிவிட்டு, சாயங்காலம் இதையும் உட்கார்ந்து கழுவுவாள். கேட்டால், "இது கழுவுனா கழுவுன மாதிரியே இருக்குல்ல" என்பாள்.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் உழுதுகொண்டிருந்தபோது திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. பையனுடைய பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். மறுநாளும் அதே நேரத்தில் அதே பெட்டி வந்தது. இந்தத் தடவை போன் கேமராவை அதன்மேல் பிடித்தேன். பிடித்தால் எழுத்தெல்லாம் தமிழாக மாறும் வசதி ஒன்று போனில் இருக்கிறது. 'உரிமையாளர் விளையாடத் தொடங்கிவிட்டார். நீங்கள் வெளியேறச் சில நிமிடங்கள் உள்ளன' என்று காட்டியது.

"யாரு உரிமையாளரு?" என்றாள் மனைவி.

"நம்ம பயதான்."

"பெத்தவங்களையே வெளிய போகச் சொல்றான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போனவள் நின்று திரும்பினாள். "அப்படின்னா அவன் ரூமுக்கு வந்துட்டானா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே யாரோ மடையைத் திறந்தால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் இறங்கும். ஆளைப் பார்க்காமலே, அங்கே ஒருவன் வயலில் நிற்கிறான் என்று தெரிந்துகொள்வோம். அதே மாதிரிதான் இதுவும்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பழக்கமானது. சாயங்காலம் நான் உழுவேன், இல்லையென்றால் அவள் கழுவுவாள். பெட்டி வரும். "வந்துட்டான்" என்பேன். அவள் எழுந்துபோய் தோசைக்கல்லை வைப்பாள்.

போன் செய்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அம்மாவிடம் பேசுவான். என்னிடம் "சாப்டீங்களா" என்பான். நான் "ம், நீ?" என்பேன். அவன் "ம்" என்பான். பிறகு போன் மறுபடியும் அம்மாவிடம் போய்விடும். அவனும் என்னைப் போலத்தான். போனில் எது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பதுதான் பதில்.

இடையில் ஒரு சமயம் பெட்டி வரவே இல்லை. தொடர்ந்து பல நாள். "ஓவர்டைம் இருக்கும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அவனும் அதையேதான் சொன்னான். மனைவி நம்பவில்லை. "குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா விளையாட உக்காரலையே" என்றாள். பின்னால் அவனோடு தங்கியிருந்த மன்னார்குடிக்காரப் பையன் ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேலையில் வலது கையில் இரும்புத் தகடு விழுந்து இரண்டு விரலில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு அறையிலேயே கிடந்திருக்கிறான். அவன் அம்மா போனில் கேட்டதற்கு, சின்ன அடிதான், நல்லா இருக்கேன் என்றான்.

மனைவி அழவில்லை. "போன்ல அவன் பொய் சொல்லலாங்க. இதுல முடியாது" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். கட்டுப் பிரித்த பிறகு பெட்டி திரும்ப வந்த அன்றைக்கு அவள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதற்கப்புறம் லாஞ்சர் புதிதாக மாறியது. ஒரு காலையில் திறந்தால் ஆளே மாறியிருந்தது. மேலே இருந்த பட்டன் கீழே போயிருந்தது. திறந்ததும் விளம்பரப் படம் ஓடியது. விவசாய விளையாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே காபி ஆறிப்போனது. அது பரவாயில்லை. சாயங்காலம் உழுதேன், விதைத்தேன், உரமும் போட்டேன். பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மறுபடி கையா இருக்குமோ" என்றாள்.

லாஞ்சர்காரர்கள் ஆட்கள் குறை எழுதுவதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதில் தமிழாக்கும் பட்டனை அழுத்தினால் கோணலாக ஒரு தமிழ் வரும். உட்கார்ந்து படித்தேன். உலகம் முழுவதும் இருந்து எழுதியிருந்தார்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் கேட்காமலே திறந்துகொள்கிறது. விளையாடலாம் என்று உட்கார்ந்தால் அப்டேட் என்று காக்க வைக்கிறது. பழைய நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவர் கெஞ்சியிருந்தார். தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். அங்கே கருகிய பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரல்தான் இதைப் படிக்கும்போதும் கேட்டது. அவர்கள் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

அந்தக் குறைகளுக்கு நடுவே ஒரு விஷயத்துக்கு மட்டும் எல்லாரும் நன்றி சொல்லியிருந்தார்கள். இனிமேல் குடும்பத்தில் ஒருவர் விளையாடினால் மற்றவரை வெளியேற்றாதாம். அவரவர் விருப்பப்பட்ட விளையாட்டை ஒரே நேரத்தில் விளையாடலாமாம். இதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனோம், கடைசியில் செய்துவிட்டீர்கள் என்று ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. காரணம் கை இல்லை, லாஞ்சர்தான். ஆனால் இனிமேல் எப்படித் தெரிந்துகொள்வது?

"நீங்களும் எழுதுங்க. எங்கள பழையபடி வெளிய போகச் சொல்லுங்கன்னு."

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நான் போய் எப்படிக் கெடுக்கிறது?"

"கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துலயும் இப்படித்தான், மைக்க வாங்கி பக்கத்துல இருந்தவர்கிட்ட கொடுத்துட்டு வந்தீங்க" என்றாள். உண்மைதான். நான் எழுதவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்திலேயே ஒருவர் சொன்ன குறையில் வழி கிடைத்தது. வெவ்வேறு விளையாட்டு என்றால் சரி, ஒரே விளையாட்டை இரண்டு பேர் திறந்தால் மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறது என்று கோபமாக எழுதியிருந்தார். எங்களுக்கு அது போதும். பையன் விளையாடுவது எப்போதும் லாரி ஓட்டும் விளையாட்டுதான். சாயங்காலம் போய் அதை அழுத்தினேன். திறக்கவில்லை. 'உங்கள் குடும்பத்தில் ஒருவர் இதை விளையாடிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தோசைக்கல் அடுப்பேறியது.

இந்த ஏற்பாடு கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அன்றைக்கு ஒருநாள் அழுத்தியபோது லாரி திறந்துகொண்டது. பையன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். மூடுவதற்குள் வெளியே ஆள் கூப்பிட்டார்கள், வாய்க்காலில் அடைப்பு என்று. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்து கால் கழுவும்போது போன் அடித்தது. கிழமை செவ்வாய். மனைவி முகம் வெளுத்து எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பா லாரி ஓட்டுறாங்களா?"

"ஏம்ப்பா?"

"எனக்குத் திறக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரமாப் பாக்குறேன். அப்பாகிட்ட குடு."

அவள் கொடுத்தாள்.

"அப்பா, நீங்க லாரி ஓட்டுறீங்களா?"

"ஆமாப்பா. இல்ல. திறந்து வச்சிட்டு வாய்க்காலுக்குப் போயிட்டேன்."

"உங்களுக்கு லாரி பிடிக்குதுன்னு எனக்குத் தெரியாதே. சரி, நான் உங்க பேர்ல இன்னொண்ணு வாங்கிப் போட்டுடுறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓட்டலாம். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்."

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவன் வாங்கிவிட்டால் எங்களுக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவன் அறைக்கு வந்தானா வரவில்லையா என்று தெரியாது. மனைவி எதிரே நின்று தலையை ஆட்டினாள்.

"வேணாம்ப்பா."

"காசு பத்தி யோசிக்காதீங்க."

"அதுக்கில்ல."

"பின்ன ஏன்?"

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். வாங்கவில்லை.

"நீ உள்ள இருந்தா எங்களுக்குத் திறக்காதுல்ல" என்றேன். "திறக்கலன்னா, நீ நல்லபடியா வந்துட்டன்னு தெரிஞ்சுக்குவோம். தினம் அதுக்காகத்தான் அழுத்திப் பாக்குறது. லாரி ஓட்டுறதுக்கு இல்ல."

என் வாழ்நாளில் அவனிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

"தினமுமா?" என்றான்.

"ம்."

"அந்தக் கை அடிபட்டப்பவும் தெரிஞ்சுதா?"

"அம்மா கண்டுபிடிச்சுட்டா."

போனை வாய்க்கு இன்னும் அருகில் பிடித்தேன். நான் கேட்டேன், "இப்ப விரல் எப்படிப்பா இருக்கு? அம்மா கேக்கச் சொன்னா."

"அம்மா பக்கத்துலதானே இருக்கு, அதுவே கேக்கலாமே. நீங்க கேக்குறீங்களாப்பா?"

"நான்தான் கேக்குறேன்."

"மோதிர விரல் முழுசா மடங்கல. மழ நாள்ல வலிக்குது. பட்டறையில சொன்னா லேசான வேலையா மாத்திச் சம்பளத்தக் கொறச்சிருவாங்கன்னு சொல்லாம இருக்கேன்." நல்லா இருக்கேன் என்று சொல்லாமல் அவன் எனக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எப்படிப் பிடித்துவிட வேண்டும் என்று, எனக்குத் தோள் இறங்கியபோது செய்ததைச் சொன்னேன். அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டான். வைக்கும்போது, "இன்னொண்ணு வாங்கலப்பா. நீங்க அழுத்திப் பாருங்க. திறந்துச்சுன்னா உடனே மூடிருங்க, நான் வெளிய நிக்க வேண்டியிருக்கு" என்று சிரித்தான்.

போன வாரம் டாக்டரிடம் போய் வந்து எனக்குத்தான் முதலில் சொன்னான். ஊசி போட்டார்களாம். அம்மாவிடம் என்னையே சொல்லிவிடச் சொன்னான்.

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.