அந்த அரை நிமிஷம்

அஸ்தம்பட்டி வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே, மகனின் ஹெட்போனில் அந்தப் பழைய ப்ராக்ரசிவ் ராக் ஆல்பத்தைக் கேட்டேன். இரைச்சலையெல்லாம் நீக்கிப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். பதினாலு வயதில், இதைவிடப் பெரிய இசை உலகத்திலேயே இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். இப்போது பாதி வெறும் அலட்டலாகத் தெரிகிறது. கீபோர்டுக்காரருக்கு நிறுத்தவே தெரியவில்லை. ஆனால் கடைசிப் பாட்டின் நடுவே, எல்லா வாத்தியமும் அடங்கும் அந்த அரை நிமிஷம் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

அப்போது பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நாலு விசைத்தறி ஓடியது. தோழியின் டேப் ரெக்கார்டரையும் எங்களுடையதையும் எதிரெதிரே வைத்துத்தான் இந்த ஆல்பத்தைப் பதிந்தேன். பாட்டு முழுக்கத் தறிச் சத்தம். அந்த அரை நிமிஷத்தில் என்னைக் கூப்பிடும் அப்பாவின் குரல்: "சாமி, நூலு அந்துபோச்சு, ஓடியா!"

"பாட்டையே கெடுத்துப்போட்டீங்கப்பா" என்று அழுதேன்.

"அழுவாத சாமி. மறுக்கா புடிச்சுக்க, நான் வாயே தொறக்க மாட்டேன்."

மறுநாள் ஆல்பம் முடியும்வரை நாலு தறியையும் நிறுத்திவிட்டு அப்பா கதவோரம் நின்றார். கரண்ட் இருக்கும்போது எங்கள் தறிகள் நின்று நான் பார்த்தது அன்றுதான். அதே கேசட்டில், அவர் குரலின் மேலேயே பதிந்தேன்.

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வருமுன்பே அப்பா போய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

அந்த அரை நிமிஷத்தை நாலு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். அப்பா வாயே திறக்கவில்லை.